மினிடிவி, ஹை8 கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற: யூ.எஸ்.பி. செருகியும் படம் வரவில்லை

அல்சூர்வாசி

வணக்கம். பீரோவில் கிடக்கும் பழைய கேம்கார்டர் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டிய இடங்களை மட்டும் வெட்டித் தொகுக்கப் பார்க்கிறேன். கையில் இருப்பவை:

மினிடிவி கேசட் 23. எல்லாம் 2002 முதல் 2009 வரை எடுத்தவை. அவற்றில் ஆறு கேசட்டின் மேல் பேனாவால் 'எல்.பி.' என்று எழுதியிருக்கிறது. எடுத்த சோனி ஹேண்டிகேம் இன்னும் ஓடுகிறது. பேட்டரி செத்துவிட்டது, அடாப்டரை நேரே செருகினால் நிற்கிறது.

8 மி.மீ. கேசட் 9. சிலவற்றில் 'ஹை8' என்று அச்சிட்டிருக்கிறது. எடுத்த கேமரா இப்போது இல்லை.

அமெரிக்காவிலிருந்து சித்தப்பா அனுப்பிய மினிடிவி 1.

ஹேண்டிகேமில் யூ.எஸ்.பி. துளை இருக்கிறது. செருகினால் மெமரி ஸ்டிக்கில் உள்ள போட்டோக்கள் மட்டும் தெரிகின்றன. டேப்பை ஓட்டினால் ஒன்றும் வருவதில்லை. பக்கத்தில் 'டிவி' என்று எழுதிய (தொலைக்காட்சி டிவி இல்லை) பொடித் துளைக்கு, ஒரு முனை யூ.எஸ்.பி., மறுமுனை நான்கு பின் உள்ள கேபிள் ஒன்றை ஆன்லைனில் வாங்கிச் செருகினேன். விண்டோஸ் 10 லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. டெஸ்க்டாப் ஒன்றும் உண்டு, அதுவும் விண்டோஸ் 10.

கடையில் கேசட்டுக்கு 450 ரூபாய் கேட்கிறார்கள், டிவிடியாகத் தருவார்களாம். அது போதுமா? நானே செய்வதென்றால் என்னென்ன வாங்க வேண்டும்? எஸ்.பி. ரோடு (பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் கடைவீதி) போய்வர முடியும்.

கட்டைகேபிள்

முதலில் அந்தக் கேபிளைக் கழற்றி வையுங்கள். திரும்பச் செருகவே வேண்டாம். துளையின் பெயர் ஃபயர்வயர்; சோனி அதையே ஐ-லிங்க் என்று சொல்லும். ஃபயர்வயரும் யூ.எஸ்.பி.யும் பேசும் மொழியே வேறு. நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப்பும் இல்லாமல் கம்பியை மட்டும் ஒட்டி விற்கிற சாமான் அது, எந்த டிரைவர் போட்டாலும் எழுந்திருக்காது. யூ.எஸ்.பி.யின் 5 வோல்ட் மறுமுனையில் எந்தப் பின்னில் போய் நிற்கிறது என்பதும் வெளியிலிருந்து தெரியாது. கேமராவில் அந்தத் துளை போய்விட்டால் உங்கள் 23 கேசட்டுக்கும் ராஜபாட்டை அடைபட்டுவிடும்.

கேமராவின் யூ.எஸ்.பி. போட்டோவுக்குத்தான். மெனுவில் 'யூ.எஸ்.பி. ஸ்ட்ரீம்' என்று ஒன்று இருக்கலாம். அதில் வருவது பழைய வெப்கேம் தரப் படம், அதை நம்பி எல்லா கேசட்டையும் ஓட்டிவிடாதீர்கள்.

டிவிடி பற்றி. மினிடிவி கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தரவு. படம் மட்டும் நொடிக்கு 25 மெகாபிட்; ஒலியும் மற்றதும் சேர்த்தால் நொடிக்கு 3.6 மெகாபைட், மணிக்கு 13 ஜிபி. ஃபயர்வயர் வழியே எடுத்தால் அந்தத் தரவு அப்படியே ஃபைலாக வந்து உட்காரும். பென்டிரைவிலிருந்து காப்பி எடுப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. டிவிடியில் அதையே எம்பெக்-2 ஆக மறுபடி நசுக்கி நாலு ஜிபி சொச்சத்தில் அடைப்பார்கள். சோபாவில் உட்கார்ந்து பார்க்கப் போதும். வெட்டித் தொகுக்கப் போகிறவருக்கு அது இரண்டாம் டிகாக்ஷன். தவிர, ஒவ்வொரு ஃபிரேமோடும் எடுத்த தேதியும் நேரமும் நாடாவில் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும். ஃபயர்வயர் காப்பியில் அது கூடவே வரும், டிவிடியில் வராது. மேலே எழுதாத கேசட்டுகளை வரிசைப்படுத்தும்போது அதன் அருமை தெரியும்.

வாங்க வேண்டியது இரண்டே சாமான். ஒன்று, டெஸ்க்டாப்புக்கு ஃபயர்வயர் கார்டு. 'பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1' என்று அழுத்திச் சொல்லிக் கேளுங்கள். பழைய பிசிஐ கார்டைக் கையில் திணிப்பார்கள், அதன் பல் வரிசை நீளமானது, உங்கள் போர்டில் இறங்காது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளது கிடைத்தால் முதலில் அது. இல்லையென்றால் விஐஏ சிப்பும் ஓடும். இரண்டாவது, 6 பின்னுக்கு 4 பின் ஃபயர்வயர் 400 கேபிள், இரண்டு மீட்டருக்குள். 4.5 மீட்டர்தான் உச்ச அளவு, அவ்வளவு நீளம் தேவையே இல்லை.

கேபிளைச் செருகும்போது ஒரே ஒரு விஷயத்தில் உயிரைக் கொடுத்துக் கவனியுங்கள். 6 பின் முனையின் ஒரு பக்கம் கூம்பியிருக்கும். மலிவுக் கார்டுகளில் துளையின் தகரம் இளகலாக இருப்பதால் தலைகீழாக அழுத்தினாலும் உள்ளே போய்விடும். அந்த 6 பின்னில் இரண்டு, மின்சாரம் போகும் பின். தலைகீழாகப் போனால் 12 வோல்ட் சிக்னல் கம்பியில் ஏறி கேமராவின் சிப்பை எரித்துவிடும். கார்டின் மேல் பவர் சப்ளைக்குத் தனி இணைப்பு இருந்தால் அதைச் சும்மா விட்டுவிடுங்கள், கேமராவுக்கு அது வேண்டாம். கம்ப்யூட்டர், கேமரா இரண்டையும் அணைத்துவிட்டு, கேபிளை இரண்டு முனையிலும் செருகி, பிறகு உயிர் கொடுங்கள்.

டிரைவர்: விண்டோஸ் 8 முதல் பழைய ஃபயர்வயர் டிரைவரை எடுத்துவிட்டார்கள். புதியதில் கேமரா தெரியும், ஆனால் பாதியில் தொங்கும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் '1394 ஓஹெச்சிஐ லெகசி டிரைவர்' என்று தேடி இறக்குங்கள் (1394 என்பது ஃபயர்வயரின் எண் பெயர்). அந்த இன்ஸ்டாலர் ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் வைப்பதோடு நின்றுவிடும், வேலை முடிந்ததென்று நினைக்க வேண்டாம். ஃபோல்டருக்குள் 64 பிட் பகுதிக்குப் போய் ஐஎன்எஃப் ஃபைலை ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் 1394 கன்ட்ரோலரைத் திறந்து, டிரைவர் அப்டேட், 'பட்டியலிலிருந்து நானே தேர்வு செய்கிறேன்', அதில் கடைசியில் 'லெகசி' என்று முடிகிறதைத் தேர்ந்தெடுங்கள். ரீஸ்டார்ட்.

சாஃப்ட்வேர்: வின்டிவி. இலவசம், அளவில் பொடி, இருபது வருஷப் பழசு, இந்த வேலைக்கு இன்னும் அதுதான். கான்ஃபிகில் மாற்ற வேண்டியவை: 'டைப்-2 ஏவிஐ' (ஒலி தனித் தடமாக இருக்கும், எடிட்டர்கள் தகராறு செய்யாது). அதிகபட்ச ஃபிரேம் எண்ணிக்கை 1,50,000. ஒரு மணி நேரக் கேசட் 90,000 ஃபிரேம்; எல்.பி. (லாங் பிளே, நாடா மெதுவாக ஓடும் முறை) என்றால் 90 நிமிடம், 1,35,000. 'டிஸ்கன்டின்யூட்டி' 1 நொடி. கேமராவில் பதிவை நிறுத்தித் தொடங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஃபைல் தானாக அறுந்து, பெயரோடு தேதியும் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு கேசட்டின் முதுகில் உள்ள பொடி விசையை 'சேவ்' பக்கம் தள்ளுங்கள், தவறியும் மேலே பதிவாகாது. கேமரா விசிஆர் (டேப்பை ஓட்டிப் பார்க்கும்) நிலையில். புதிதாகப் போடும் ஒவ்வொரு கேசட்டையும் ஒரு தடவை கடைசிவரை ஃபார்வர்டு, திரும்ப ரீவைண்ட். பதினைந்து வருஷம் ஒரே சுற்றாகக் கிடந்த நாடா ஆங்காங்கே ஒட்டியிருக்கும், இறுக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஓட்டிவிட்டால் சமமாகும்.

ஏற்றும்போது வின்டிவி ஜன்னலில் 'டிராப்டு' எண் பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். ஃபயர்வயரில் 'காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்லு' என்று கம்ப்யூட்டர் கேட்க வழியில்லை. நாடா ஓடிக்கொண்டே இருக்கும். எழுதாமல் விட்ட ஃபிரேம் போனது போனதுதான். ஆகவே ஸ்லீப், ஸ்கிரீன் சேவர், ஆன்டிவைரஸ் ஸ்கேன் மூன்றையும் நிறுத்துங்கள். பென்டிரைவில் எழுதாமல் உள்ளே இருக்கும் டிஸ்கில் எழுதுங்கள்.

பென்குயின்பிரியை

மேலே சொன்னது டெஸ்க்டாப்புக்கு. லேப்டாப்தான் என்றால், 2005–2010 காலத்து லேப்டாப் பலவற்றில் 4 பின் துளை சொந்தமாகவே இருக்கும். செகண்ட் ஹேண்டில் அப்படி ஒன்று கிடைத்தால் விண்டோஸை மறந்துவிட்டு லினக்ஸ் போட்டு 'டிவிகிராப்' ஓட்டலாம். லெகசி டிரைவர் தொல்லை கிடையாது. ஃபார்மட் டிவி2, ஆட்டோஸ்பிலிட், டைம்ஸ்டாம்ப் மூன்றும் கொடுத்தால் வின்டிவி செய்கிற அதே வேலை. கேமரா தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அனுமதிப் பிரச்சினைதான், ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: தண்டர்போல்ட் 3-லிருந்து 2, அதிலிருந்து ஃபயர்வயர் 800, அதிலிருந்து 9 பின்னுக்கு 4 பின் கேபிள் என்று மூன்று துண்டு கோக்க வேண்டும். சாதாரண யூ.எஸ்.பி.-சி துளையில் இது ஓடாது, தண்டர்போல்ட்டாகவே இருக்க வேண்டும். மேக்ஓஎஸ் 26-ல் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். அப்டேட் செய்யாத பழைய மேக் வீட்டில் இருந்தால் அதை அப்படியே விட்டுவையுங்கள்.

அல்சூர்வாசி

கார்டும் கேபிளும் கிடைத்தன. லெகசி டிரைவர் போட்டதும் கேமரா தெரிந்தது, 4 கேசட் ஏறிவிட்டது. இருவருக்கும் நன்றி. இப்போது மூன்று சிக்கல்.

1. ஐந்தாவது கேசட்டில் படம் குறுக்கே பட்டை பட்டையாக இருக்கிறது. ஒரு பட்டை ஓடுகிறது, அடுத்தது உறைந்து நிற்கிறது, அதற்கடுத்தது ஓடுகிறது. அதற்குப் பிறகு, முதலில் சரியாக வந்த கேசட்டும் இப்படித்தான் வருகிறது.
2. ஒரு எல்.பி. கேசட்டில் பொடிக் கட்டங்கள் சிதறுகின்றன, ஒலி விட்டு விட்டுக் கேட்கிறது.
3. இன்னொன்றில் படம் சுத்தம், ஆனால் பாதிக்கு மேல் பேச்சும் உதடும் சேரவில்லை.

சிவாஜிநகர்ரேடியோ

தம்பி, முதல் சிக்கலுக்கு நீங்களே விடை எழுதிவிட்டீர்கள்: நன்றாக வந்த கேசட்டும் கெட்டுவிட்டது. அப்படியென்றால் கோளாறு நாடாவில் இல்லை, நாடாவைப் படிக்கிற ஹெட்டில்.

அந்தப் படத்தை நிறுத்திப் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். மேலிருந்து கீழ் 12 இருக்கும். நம் ஊர் 'பால்' (பி.ஏ.எல்.) தொலைக்காட்சி முறையில் ஒரு ஃபிரேமை 12 தடமாகப் பிரித்து நாடாவில் சாய்வாக எழுதுகிறது. 576 வரியில் ஒரு தடத்துக்கு 48 வரி. டிரம்மில் (நாடா சுற்றி ஓடும் உருளை) இரண்டு ஹெட், ஒன்று விட்டு ஒன்றாக எழுதும், படிக்கும். ஒரு ஹெட்டில் அழுக்கு ஏறினால் ஒன்று விட்டு ஒன்று ஆறு பட்டை போய்விடும். போன இடத்தில் கேமரா முந்தைய ஃபிரேமை ஒட்டி மறைக்கிறது, அதுதான் உறைந்து நிற்பதுபோல் தெரிகிறது. இரண்டு ஹெட்டும் அடைத்தால் முழு நீலத் திரை. சோனியில் சி:22 என்று எழுத்து வந்தாலும் இதே பொருள்.

டிரை கிளீனிங் கேசட் போட்டு ப்ளே, 10 வினாடி, நிறுத்து. அதற்குப் பின் நல்ல கேசட்டை ஓட்டிப் பாருங்கள். தேறவில்லையா, இன்னொரு தடவை. அதோடு சரி. அது ஒரு வகை உப்புத்தாள், ஹெட்டைத் தேய்த்துத்தான் சுத்தம் செய்கிறது. பத்து தடவை ஓட்டினால் அழுக்கோடு ஹெட்டும் போகும்.

அதற்கும் மசியாவிட்டால் கையால் துடைக்க வேண்டும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எஸ்.பி. ரோட்டிலேயே கிடைக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட் வேண்டாம், தண்ணீர் கலந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சி கூடவே கூடாது, ஒரு நூல் ஹெட்டின் இடுக்கில் சிக்கினால் முடிந்தது. மெல்லிய ஷாமி தோல் ஒட்டிய குச்சி வாங்குங்கள். நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் லேசாக ஒற்றி, குச்சியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு டிரம்மின் மேல்விளிம்பை விரலால் சுற்றுங்கள். ஐந்தாறு சுற்று. குச்சியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் முனை உடையும், அது தலைமுடியைவிட மெல்லிசு. கால் மணி நேரம் திறந்தே காயவிட்டுப் பிறகு கேசட் போடுங்கள்.

எதனால் அடைத்தது என்று பார்க்காமல் அடுத்த கேசட்டைப் போடாதீர்கள். ஐந்தாவது கேசட்டை வெளியே எடுத்து, ஜன்னல் வழியே நாடாச் சுருளின் விளிம்பை டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். கருப்பாக, தட்டு மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். வெள்ளைத் தூள், சிலந்தி நூல் போன்ற கோடு, சாம்பல் நிறத் திட்டு இருந்தால் பூஞ்சை. பெங்களூரு மழைக்காலத்தில் சுவரோடு ஒட்டிய பீரோவில் இது சகஜம். பூஞ்சைக் கேசட்டை ஓட்டினால் அது ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். மிச்சமுள்ள 18-ஐயும் இப்போதே இப்படிப் பார்த்து, சந்தேகமானதைத் தனி டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அவற்றைக் கடைசியில் ஓட்டலாம். அல்லது அந்த ஒன்றிரண்டை மட்டும் நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம்.

சி:21 வந்தால் ஈரம். கேசட்டை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்தே ஒரு மணி நேரம் விடுங்கள். ஹேர் டிரையர் காட்டாதீர்கள். சி:31, சி:32 என்றால் உள்ளே இயந்திரக் கோளாறு. பவரை எடுத்துப் போட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கேமராவில் கேசட் போடுவதை நிறுத்துங்கள், நாடாவைக் கடித்து விழுங்கும்.

இரண்டாவது சிக்கல், எல்.பி. சாதாரண வேகத்தில் ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரான், எல்.பி.யில் 6.7. எழுதிய கேமராவுக்கும் படிக்கிற கேமராவுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் ஹெட் பக்கத்துத் தடத்தில் ஏறிவிடும். எழுதிய கேமராவே உங்களிடம் இருப்பது அதிர்ஷ்டம், எல்.பி. ஆறையும் அதில்தான் ஓட்ட வேண்டும், கடையில் கொடுத்தாலும் இவ்வளவு வராது. ஹெட் சுத்தமான பிறகு மறுபடி ஏற்றிப் பாருங்கள். அப்போதும் சிதறினால் அதே கேசட்டை இரண்டு மூன்று தடவை தனித்தனி ஃபைலாக ஏற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு இடத்தில் சிதறும்.

பென்குயின்பிரியை

அந்த இரண்டு மூன்று ஃபைலையும் 'டிவிரெஸ்க்யூ' என்ற இலவசக் கருவியிடம் கொடுத்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் எந்த ஓட்டம் சுத்தமாக வந்ததோ அதைப் பொறுக்கி ஒரே ஃபைலாகக் கோத்துத் தரும். எந்த ஃபிரேமில் எவ்வளவு பிழை என்று வரைபடமும் காட்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கண்ணால் தேட வேண்டாம்.

கட்டைகேபிள்

மூன்றாவது சிக்கலுக்கு நான். மினிடிவியில் ஒலிக்கு இரண்டு முறை: 12 பிட் 32 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் 48 கிலோஹெர்ட்ஸ். யாரோ கேசட் பாதியில் மெனுவில் மாற்றியிருப்பார்கள், இல்லை வேறு கேமராவில் அதே கேசட்டைப் போட்டிருப்பார்கள். ஃபைலின் தலைப்பில் முதலில் வந்த அளவு மட்டும் எழுதப்படும். பிற்பாதி வேறு அளவில் வரும்போது மென்பொருள் அதைத் தப்பாக எண்ணுகிறது, உதடு விலகிப் போகிறது. அந்த ஃபைல் அறுபடாமல் ஒரே துண்டாக இருக்கிறதா பாருங்கள், 'டிஸ்கன்டின்யூட்டி' பூஜ்யமாகக் கிடக்கும். 1 வைத்து மறுபடி ஏற்றுங்கள். அல்லது மாறும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி டேப்பை நிறுத்தி, அங்கிருந்து புது ஃபைலாக ஏற்றுங்கள். எடிட்டரில் ஒலியை இழுத்துப் பிடித்துச் சரிசெய்ய முயலாதீர்கள்.

மைசூர்ரோடு

8 மி.மீ. கேசட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. உண்மையில் உழைப்பு அதில்தான்.

ஒன்பதிலும் என்ன முறை என்று முதலில் தெரிய வேண்டும். கேசட் மேல் 'ஹை8' என்று இருப்பதால் உள்ளே ஹை8 என்று அர்த்தமில்லை. 1985-ல் வந்த வீடியோ8, 1989-ல் வந்த ஹை8, 1999-ல் வந்த டிஜிட்டல்8 மூன்றும் ஒரே உருவக் கேசட். டிஜிட்டல்8 கேமராவில் ஹை8 கேசட்டைத்தான் போடுவார்கள். 90 நிமிடக் கேசட் அதில் சுமார் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இதை வி.எச்.எஸ். அடாப்டரில் போட்டு விசிஆரில் ஓட்டலாம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வி.எச்.எஸ்.-சி கேசட்டுக்கு, இதற்கு அப்படி அடாப்டரே கிடையாது.

ஆகச் சிறந்த வழி: பழைய அனலாக் (டிஜிட்டல் அல்லாத வீடியோ8, ஹை8) கேசட்டையும் படிக்கிற டிஜிட்டல்8 கேமரா ஒன்று. மூன்று முறையையும் படித்து ஃபயர்வயரில் அனுப்பும். உங்கள் கார்டு, கேபிள், வின்டிவி அப்படியே போதும். ஆனால் எல்லா டிஜிட்டல்8 மாடலும் அனலாக்கைப் படிக்காது. வாங்குமுன் கையேட்டில் 'ஹை8, ஸ்டாண்டர்டு 8 பிளேபேக்' உண்டா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் கேமராவில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கேசட்டைச் சோதனைக்குக் கொடுக்காதீர்கள், முக்கியமில்லாத ஒன்றைக் கொண்டு போங்கள்.

அந்தக் கேமராவின் மெனுவில் டிபிசி, டிஎன்ஆர் என்று இரண்டு இருக்கும். டிபிசி எப்போதும் ஆன். அனலாக் நாடா ஓடும்போது ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்னே பின்னே வரும். படத்தில் கதவு நிலையைப் பாருங்கள், நேராக நிற்காமல் நெளியும். டிபிசி வரிகளை வாங்கி வைத்து நேராக்கி அனுப்புகிறது. டிஎன்ஆர் இரைச்சலைக் குறைக்கும், ஆனால் ஆள் நகரும்போது பின்னால் நிழல் இழுக்கும். என் கட்சி ஆஃப்.

அப்படிக் கேமரா அகப்படாமல் வெறும் ஹை8 கேமரா கிடைத்தால் அனலாக் கேப்ச்சர்தான், அதாவது படத்தை வீடியோ கம்பியில் வாங்கி டிஜிட்டலாக்குவது. மஞ்சள் பின்னை விட எஸ்-வீடியோ மேல். மஞ்சளில் நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் போவதால் சிவப்புச் சேலையின் ஓரத்தில் புள்ளிகள் ஊரும். பெயரில்லாத மலிவு யூ.எஸ்.பி. கேப்ச்சர் குச்சியைத் தவிருங்கள். நாடாவில் சிறு பள்ளம் வந்தாலும் ஃபிரேமை விட்டுவிட்டு ஒலியை மட்டும் ஓட்டும், அரை மணியில் உதடு விலகிவிடும். ஹாப்பாக் யூ.எஸ்.பி.-லைவ்2, ஐ-ஓ டேட்டா ஜிவி-யூ.எஸ்.பி.2 இரண்டும் தேறியவை. கேமராவுக்கும் அதற்கும் நடுவில் பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 அல்லது இஎஸ்15 டிவிடி ரெக்கார்டர் வைத்து சிக்னலை அதன் வழியே விட்டால் டிபிசி போல நெளிவை எடுத்துவிடும். வட்டு எரிக்க வேண்டாம், சிக்னல் கடந்து போனால் போதும்.

கேமராவின் 3.5 மி.மீ. ஏவி கேபிள் கம்பெனிக்குக் கம்பெனி வளைய வரிசை மாறும். மஞ்சளில் படம் வராமல் ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று இரைந்தால், படம் வேறு நிறப் பின்னில் வருகிறது என்று அர்த்தம். கேமரா பழுது என்று முடிவு கட்டுமுன் சிவப்பையும் வெள்ளையையும் மஞ்சள் துளையில் மாற்றிப் பாருங்கள்.

பதிவு 'விர்ச்சுவல்டப்' மென்பொருளில்: பால்-பி, 720க்கு 576, ஒய்யூஒய்2, கோடெக் ஹஃப்ஒய்யூவி (தரம் குறையாமல் சுருக்கும்), ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். சுருக்காமல் எடுத்தால் மணிக்கு 75 ஜிபி. ஹஃப்ஒய்யூவியில் அதில் பாதி அளவுக்கு வரும். நேரே எம்பி4 ஆக எடுக்காதீர்கள்.

வெட்டிஒட்டி

எல்லாம் ஏறிய பிறகு தொகுப்பில் கெடுப்பவர்கள்தான் அதிகம், ஆகவே இது.

மினிடிவி ஃபைல் இன்டர்லேஸ்டு: நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் நொடியில் 50-ல் ஒரு பங்கு இடைவெளியுள்ள இரண்டு பாதி. கம்ப்யூட்டர் திரையில் குழந்தை ஓடினால் விளிம்பில் சீப்புப் பல் தெரிவது இதனால்தான், பழுதில்லை. ஃபீல்டு வரிசை மினிடிவியில் கீழ்ப்பாதி முதலில். அனலாக் கேப்ச்சரில் பெரும்பாலும் மேல்பாதி முதலில். புராஜெக்டில் இதை மாற்றி வைத்தால் நடக்கிற ஆள் முன்னே இரண்டடி, பின்னே ஓரடி என்று உதறுவார். சரியாக வைத்து, டீஇன்டர்லேஸ் (ஒவ்வொரு பாதியையும் முழு ஃபிரேமாக்குவது) செய்து நொடிக்கு 50 ஃபிரேமாக வெளியிடுங்கள். 25 ஆக்கினால் அசைவில் பாதியைத் தூக்கி எறிகிறீர்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் 'பிடபிள்யூடிஐஎஃப்' வடிகட்டி போதும். நேரம் இருந்தால் 'ஹைப்ரிட்' மென்பொருள் வழியாக க்யூடிஜிஎம்சி வடிகட்டி.

720க்கு 576-ல் பிக்சல் சதுரம் இல்லை. பழைய 4:3 படத்தை 768க்கு 576 ஆக்க வேண்டும். 16:9-ல் எடுத்திருந்தால் 1024க்கு 576. 4:3-ஐ அகலத் திரைக்கு இழுத்து எல்லோரையும் குண்டாக்கி வாட்ஸாப்பில் அனுப்புகிற கொடுமை இங்கேதான் பிறக்கிறது. இரு பக்கமும் கருப்பு இருக்கட்டும். யூடியூபில் ஏற்றுவதானால் கடைசியில் 1440க்கு 1080 ஆகப் பெரிதாக்கி ஏற்றுங்கள், சின்ன அளவில் ஏற்றினால் அங்கே ரொம்பவே நசுக்குவார்கள். ஹை8 படத்தில் அடியில் ஏழெட்டு வரி கிழிந்தாற்போல் துடிக்கும், ஹெட் மாறும் இடம் அது; கருப்புப் பட்டை வைத்து மறைத்தால் போதும்.

மைசூர்ரோடு

இப்போது ஏஐ அப்ஸ்கேல் என்று ஒன்று வந்திருக்கிறதே, 4கே ஆக்கலாம் என்கிறார்கள்.

வெட்டிஒட்டி

ஆக்கலாம். தூரத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அது தானே ஒரு மூக்கு வரைந்து கொடுக்கும். வேண்டியவர்கள் காப்பியில் செய்து பார்க்கட்டும், மூல ஃபைலைத் தொடாமல் இருந்தால் சரி.

மூல ஃபைல் என்றதும்: 23 மினிடிவிக்கு 300 ஜிபிக்கு மேல், 9 கேசட் ஹஃப்ஒய்யூவி என்றால் இன்னொரு 300 சொச்சம். 1 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். டிஸ்க் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் நிற்காது. கேசட்டுகளையும் எறியாதீர்கள்.

அல்சூர்வாசி

கிளீனிங் கேசட் இரண்டாவது தடவையில் பட்டை போய்விட்டது, எண்ணினேன், 12 தான். ஐந்தாவது கேசட்டின் விளிம்பில் வெள்ளையாக இருக்கிறது, தனியே வைத்துவிட்டேன். ஒலி விலகியதும் 1 வைத்ததும் சரி. கடைசியாக ஒன்று: சித்தப்பாவின் அமெரிக்கக் கேசட்டை இதே கேமராவில் போடலாமா?

கட்டைகேபிள்

அது என்டிஎஸ்சி (அமெரிக்கத் தொலைக்காட்சி முறை): 720க்கு 480, நொடிக்கு 29.97 ஃபிரேம். உங்களுடையது பால் கேமரா. சில கேமரா அதையும் படித்து அனுப்பும், சில வெறும் நீலத்தைக் காட்டும். 'சேவ்' தள்ளியிருந்தால் போட்டுப் பார்ப்பதில் நாடாவுக்குக் கெடுதல் இல்லை. படம் வந்தால் வின்டிவியில் அப்படியே ஏற்றுங்கள், பாலாக மாற்ற வேண்டாம். தொகுக்கும்போது அதற்குத் தனி புராஜெக்ட், 59.94 ஃபிரேமில்.

வராவிட்டால் அந்த ஒன்றுக்காகக் கேமரா தேடி அலையாதீர்கள், கடையிலேயே கொடுங்கள். டிவிடி வேண்டாம், எம்பி4 வேண்டாம், ஃபயர்வயரில் எடுத்த ஏவிஐ ஃபைலை என் டிஸ்கில் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். வாங்கும்போது அளவைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி அருகில் இருக்க வேண்டும். 2 ஜிபி இருந்தால் நசுக்கியிருக்கிறார்கள், காசைக் கொடுக்குமுன் திருப்பிக் கேளுங்கள்.